பிள்ளைத்தமிழ் ஒரு வளர்ச்சி அட்டவணையா?

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும், இன்று குழந்தை மருத்துவர்கள் சுவரில் மாட்டி வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணையும் ஒன்றுதான் என்று ஒரு கருத்து இணையத்தில் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்பதை நம் புலவர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள், மேல்நாட்டுக்காரன் இப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருக்கிறான், இது அதன் சாரம். பார்த்ததும் பகிரத் தோன்றும். எனக்கும் பிள்ளைத்தமிழ் மேல் பிரியம் உண்டு. அதனாலேயே இதை உட்கார்ந்து சரிபார்க்கலாம் என்று தோன்றியது. சோதிக்காமல் புகழ்வது அந்த நூல்களுக்கும் மரியாதை இல்லை.

பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு சுருக்கம். பிள்ளைத்தமிழ் என்பது கடவுளையோ அரசனையோ ஆசிரியரையோ குழந்தையாகப் பாவித்துப் பாடும் சிற்றிலக்கியம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழு பருவங்கள் ஆண், பெண் இருபாலுக்கும் பொது. ஆண்பால் என்றால் கடைசி மூன்று சிறுபறை, சிற்றில், சிறுதேர். பெண்பால் என்றால் கழங்கு, அம்மானை, ஊசல். கழங்குக்குப் பதில் நீராடல் வருவதும் உண்டு. பருவத்துக்குப் பத்துப் பாட்டாக நூறு. நமக்குக் கிடைப்பவற்றில் பழையது 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். பலருக்கும் தெரிந்தது 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ்.

மாதக் கணக்கு வருவது இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களின் வழியாக. அவற்றுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது: காப்பு 3-ஆம் மாதம், செங்கீரை 5, தால் 7, சப்பாணி 9, முத்தம் 11, வருகை 13, அம்புலி 15, மிச்ச மூன்றும் 17, 19, 21.

சரி, ஒவ்வொன்றாகப் பார்த்துடலாம். ஒப்பிட்டுப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட உடலியக்க ஆய்வை எடுத்துக்கொண்டேன். கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது அது. ஒரே ஒரு வயதைச் சொல்லாமல், நலமான குழந்தைகள் எந்த வயதிலிருந்து எந்த வயதுக்குள் ஒரு திறனை எட்டுகிறார்கள் என்ற இடைவெளியைத் தருவதுதான் அதன் சிறப்பு.

முதலில் பொருந்துகிறவை. வருகை, அதாவது குழந்தையைத் தளர்நடை நடந்து வரும்படி அழைப்பது, 13-ஆம் மாதம். தானாக நடக்கும் வயது ஆய்வில் 8.2 முதல் 17.6 மாதம் வரை. பாதிக் குழந்தைகள் முதல் பிறந்தநாளை ஒட்டி நடந்துவிடுகிறார்கள். அழகாகப் பொருந்துகிறது. சப்பாணி என்பது கைகொட்டுதல், 9-ஆம் மாதம். கைகொட்ட வேண்டுமென்றால் கையை ஊன்றாமல் உட்கார வேண்டும். பிடிமானமின்றி உட்காரும் வயது 3.8 முதல் 9.2 மாதம். இதுவும் சரி. அம்புலி 15-ஆம் மாதம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பட்டியலில், வேண்டியதைக் கேட்க விரல் நீட்டுவது 15 மாதத்திலும், சுவையான ஒன்றைப் பிறருக்குக் காட்ட விரல் நீட்டுவது 18 மாதத்திலும் இருக்கின்றன. நிலாவைக் காட்டும் விளையாட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இனி இடிக்கிறவை. செங்கீரைக்குச் சொல்லப்படும் நிலை, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. ஏறக்குறைய தவழ்தலின் வாசல்படி. கை, முழங்கால் ஊன்றித் தவழும் வயது ஆய்வில் 5.2-ல் தொடங்கி 13.5 மாதம் வரை போகிறது. அதாவது 5-ஆம் மாதம் என்பது மிக முந்திய குழந்தையின் கணக்கு. போதாக்குறைக்கு, அந்த ஆய்வில் 4.3% குழந்தைகள் அப்படித் தவழவே இல்லை. நேராக அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்கள். அமெரிக்க மையம் 2022-ல் தன் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலை எடுத்தேவிட்டது. நான்கில் மூன்று குழந்தைகள் எட்டும் வயதையே இனி அளவாக வைப்போம் என்று முடிவு செய்ததும் அப்போதுதான். பாதிப் பேர் எட்டும் வயதை அளவாக வைத்தால், மீதிப் பாதி வீடுகளில் வீண் பயம். உண்மையிலேயே கவனிக்க வேண்டிய குழந்தைக்கோ "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்ற சமாதானம். 5-ஆம் மாதம் செங்கீரை ஆட வேண்டும் என்று பகிர்கிறவர்கள், அதைப் படிக்கப்போகும் ஓர் இளம் தாயை நினைத்துப் பார்ப்பது நல்லது.

தால் இன்னும் சிக்கல். அதைத் தாலாட்டு என்று கொண்டால் 7-ஆம் மாதம் வரை பிள்ளையைத் தூங்க வைத்தது யார்? நாக்கை அசைப்பது என்று கொண்டால், மழலை ஒலிகள் கிளம்பும் பருவம் அதுதான், பொருந்தும். ஆனால் பாடல்கள் தாலேலோ என்றே பாடுகின்றன. கழங்கும் அம்மானையும்தான் உச்சம். கழற்சிக்காயைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் ஆட்டத்தை 17 மாதக் குழந்தை ஆடாது, வாயில்தான் போடும். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு உகந்ததல்ல என்று பொம்மைப் பெட்டியில் அச்சடிக்கிறார்களே, அது இதற்காகத்தான்.

அதற்கு முன்னாலேயே என் தொழில் கண்ணில் உறுத்திய ஒன்று உண்டு. 3, 5, 7, 9 என்று 21 வரை. இது ஒரு ஃபார் லூப். மூன்றில் தொடங்கு, இரண்டிரண்டாகக் கூட்டு, பத்து முறை ஓட்டு. உயிருள்ள எதுவும் இப்படிக் கூட்டுத்தொடரில் வளர்வதில்லை. பாட்டியல் நூல்கள் மங்கலமும் பொருத்தமும் பார்ப்பவை. எந்தச் சொல்லில், எந்த எழுத்தில் தொடங்கலாம் என்று கணக்குப் போடுபவை. ஒற்றைப்படை மாதங்கள் அந்தக் கணக்கின் பிள்ளைகளாகத்தான் எனக்குத் தெரிகின்றன. வரிசையில் ஓர் உண்மையான கவனிப்பு இருக்கிறது. எண்ணில் இல்லை.

இத்தோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் பருவப் பெயர்களை விட்டுவிட்டுப் பாடல்களின் வினைச்சொற்களை மட்டும் குறித்துக்கொண்டே போனபோது வேறு ஒன்று கிடைத்தது. மருத்துவ அட்டவணையில் வினைகள் எல்லாம் "உட்காரும், நிற்கும், நடக்கும்". பிள்ளைத்தமிழில் அவை "ஆடுக, கொட்டுக, தருக, வருக". முன்னதில் ஒரே ஆள், குழந்தை. பின்னதில் இரண்டு பேர். பெரியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, கை நீட்டி, குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு பருவத்தின் பத்துப் பாட்டும் ஒரே விதமான அழைப்பில் வந்து முடிகின்றன. கைக்குழந்தையிடம் யாரும் அப்படித்தானே பேசுகிறோம், சொன்னதையே திருப்பித் திருப்பி? ஆக, இதைத் திறன்களின் பட்டியல் என்பதைவிட அழைப்புகளின் பட்டியல் என்பது சரி. அட்டவணையைவிட மேலான ஒன்று இது என்றுகூடச் சொல்வேன்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட பேணும் பராமரிப்புக் கட்டமைப்பு, குழந்தைக்குத் தேவையானவை என்று ஐந்தைச் சொல்கிறது: உடல்நலம், ஊட்டம், பாதுகாப்பு, கற்கும் வாய்ப்பு, குழந்தையின் குறிப்பறிந்து பதில் தரும் கவனிப்பு. கடைசியாகச் சொன்னதுதான் மற்ற நான்கையும் கட்டிப்பிடிக்கும் கயிறு என்பது என் வாசிப்பு. அதில் முக்கியமான சொல் "குறிப்பறிந்து". அதாவது ஆட்டத்தைப் பாதி நேரம் தொடங்கி வைப்பது குழந்தை.

எட்வர்ட் ட்ரானிக் 1970-களில் செய்த சோதனை இதைத்தான் காட்டியது. தாய் குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறாள். பிறகு சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் வெறுமனே பார்க்கிறாள். குழந்தை உடனே அழுவதில்லை. முதலில் முயற்சி செய்கிறது. சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. எதுவும் எடுபடாதபோதுதான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, வாடுகிறது. சில மாதக் குழந்தைக்குக்கூட "நான் தொடங்கினால் நீ பதில் சொல்வாய்" என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கண்ணோடு பிள்ளைத்தமிழுக்குத் திரும்பி வந்தால் ஒரு பள்ளம் தெரிகிறது. நூறு பாட்டிலும் குழந்தை எதையும் தொடங்குவதே அரிது. அழைப்பு இங்கிருந்து போகிறது. பதில் வருவதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடுகிறது.

அம்புலிப் பருவத்தைப் பாருங்கள். புலவர்கள் இதைத்தான் கடினமான பருவம் என்பார்கள். நிலாவைக் குழந்தையோடு விளையாட வரச்சொல்லிச் சாமம், பேதம், தானம், தண்டம் என நான்கு உபாயங்களாலும் பேச வேண்டும். நீயும் இவனும் ஒன்று என்று சிலேடையில் ஒப்பிட வேண்டும், நீ இவனுக்குக் கீழே என்று இறக்க வேண்டும், வந்தால் இன்னது கிடைக்கும் என வேண்டும், வராவிட்டால் என்ன ஆகும் என்று மிரட்ட வேண்டும். சொல்விளையாட்டு உச்சத்துக்குப் போகிறது. ஆனால் விளையாடுவது புலவர். இடுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தை பாட்டு முடியும்வரை அசையாமல் காத்திருக்கிறது.

சிற்றிலில்தான் ஒரு குறும்பு அனுமதிக்கப்படுகிறது. பெண்பிள்ளைகள் மணல்வீடு கட்டுகிறார்கள்; பையன் காலால் சிதைக்க வருகிறான்; "சிதைக்காதே" என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். கட்டுவது ஒரு பால், உடைப்பது ஒரு பால், கெஞ்சலே பாட்டு. பையனுக்குப் பறையும் தேரும், பெண்ணுக்கு அம்மானையும் ஊஞ்சலும் என்ற பொம்மைப் பங்கீடும் சேர்ந்துகொள்கிறது. இன்றைக்குப் பொம்மைக் கடையில் நீல அலமாரியும் ரோஸ் அலமாரியும் தனித்தனியாக இருப்பதைக் குறை சொல்கிறோம். அந்த அலமாரி நமக்குப் புதிதில்லை.

அப்படியானால் தமிழில் குழந்தை தானே தொடங்கும் பாட்டே கிடையாதா? இருக்கிறது. பிள்ளைத்தமிழ் ஓர் இலக்கியவகையாக உறைவதற்கு முன்னால் பெரியாழ்வாரிடம் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டு என்பது அவருக்குப் பரவலாகச் சொல்லப்படும் காலம். யசோதையாகத் தன்னை வைத்துக்கொண்டு கண்ணனைப் பாடுகிறார். தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை எல்லாம் அங்கேயே வரிசையாக இருக்கின்றன; பின்னால் வந்தவர்கள் இவற்றைப் பருவங்களாக்கிக்கொண்டார்கள். அதுவரை எல்லாரும் சொல்வதுதான். நான் கேட்க விரும்புவது, அவர்கள் எதை விட்டுவிட்டார்கள் என்று.

புறம்புல்கல் என்று ஒரு பதிகம். குழந்தை பின்னாலிருந்து ஓடிவந்து தாயின் முதுகைக் கட்டிக்கொள்கிறது. யாரும் கூப்பிடவில்லை. அடுத்தது அப்பூச்சி காட்டுதல். குழந்தை பூச்சி காட்டித் தாயைப் பயமுறுத்துகிறது. நம் பூச்சாண்டி ஆட்டத்தின் உறவுக்காரன். இந்த இரண்டு பதிகத்திலும் வினை மாறிவிடுவதைக் கவனித்தேன். "செய்" என்ற ஏவல் போய், "அவன் செய்கிறான்" என்று படர்க்கைக்கு வந்துவிடுகிறது. ஆட்டத்தைத் தொடங்கியது குழந்தை, தாய் அதை வாங்கிக்கொள்கிறாள், வியக்கிறாள். அம்புலிப் பதிகத்திலும் நிலாவை முதலில் சுட்டிக்காட்டுவது பிள்ளைதான். அவன் கை நீட்டிய பிறகே தாய் நிலாவோடு பேசத் தொடங்குகிறாள். அதே நிலா, அதே விரல். பின்வந்த நூல்களில் விரல் உதிர்ந்துபோய், பேச்சு மட்டும் தங்கிவிட்டது.

இன்னொரு தொகுதியும் விடுபட்டது. பாலுண்ண அழைப்பது, காது குத்த இணங்க வைப்பது, குளிப்பாட்டுவது, தலை வாருவது, பூச்சூட்டுவது, பக்கத்து வீட்டார் வந்து புகார் சொல்வது. வெண்ணெயும் புழுதியும் அப்பிய உடம்போடு தூங்க விடமாட்டேன் என்கிறாள் தாய். எண்ணெயும் புளியும் எடுத்துவைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று சலித்துக்கொள்கிறாள். அப்பம் இருக்கிறது என்று ஆசை காட்டுகிறாள். தலைவாரும்போது காக்கையைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டுகிறாள். வேலையும் விளையாட்டும் இங்கே வேறு வேறு மணி நேரத்தில் நடப்பதில்லை. சிக்கெடுக்கும் அந்த ஐந்து நிமிடமேதான் பறவைப் பாடம். மூன்று வயதுக்குக் கீழே விளையாட்டு வழிக் கல்வி என்று எதைச் சொல்ல முடியுமோ, அது பெரும்பாலும் இதுதான்.

இலக்கணமானபோது இந்த அழுக்கும் சலிப்பும் எண்ணெயும் போய்விட்டன. பெண்பாற் பிள்ளைத்தமிழின் நீராடல்கூட ஆற்றில் ஆடும் ஆட்டமே. தாய் குளிப்பாட்டுவது அல்ல. பாடப்படுவது அரசனும் தெய்வமும் என்பதால் அப்படி, என்று சமாதானம் சொல்லலாம். பெரியாழ்வார் பாடியதும் தெய்வத்தைத்தானே!

மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேற்றக் கதையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருமலை நாயக்கர் முன்னால் குமரகுருபரர் பாடிக்கொண்டிருக்க, மீனாட்சியே அர்ச்சகர் வீட்டுச் சிறுமியாக வந்து மன்னர் மடியில் உட்கார்ந்து கேட்டு, அவர் கழுத்து முத்துமாலையை எடுத்துப் புலவருக்குப் போட்டு மறைந்தாளாம். வரலாறா என்ற கேள்வியை விடுங்கள். நூலுக்குள்ளே குழந்தைக்குக் கிடைக்காத அந்த முதல் அடியை, நூலைச் சுற்றிய கதை அவளுக்குக் கொடுத்துவிட்டது.

இதெல்லாம் பழைய இலக்கியம், இன்று யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இதே பள்ளம் இன்றைய பட்டியல்களிலும் இருக்கிறது. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024-ல் நவ்சேத்னா என்று ஒரு கட்டமைப்பை வெளியிட்டது. பிறப்பு முதல் மூன்று வயது வரைக்குமானது. 1975-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து அங்கன்வாடியின் பாடம் என்றால் அது மூன்று வயதுக்கு மேல் என்றே இருந்தது. அதற்குக் கீழே என்றால் எடையும் சத்துமாவும் தடுப்பூசியும். அந்த வகையில் இதை இரு கை நீட்டி வரவேற்கிறேன். அதன் நடுவில் இருப்பது 36 மாத நாட்காட்டி, 140 செயல்பாடுகள். செயல்பாடுகளில் எனக்குக் குறை இல்லை. என் கவலை பட்டியல் என்ற வடிவத்தின் மேல். பட்டியல் கைக்கு வந்ததும் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடும். ஏற்கெனவே பதிவேட்டுக்கும் செயலிக்கும் பதில் சொல்லி மூச்சு வாங்கும் அங்கன்வாடி ஊழியரிடம் 140-ஐக் கொடுத்தால், அதுவும் ஒரு பதிவேடாகிவிடும்.

மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரிந்த நோய். எதை எண்ண முடிகிறதோ அதற்குத்தான் திரையில் பெட்டி வைப்போம். என் தங்கை மகன் போகும் பகல்நேரக் காப்பகத்தின் செயலியில் தினமும் பச்சை டிக் வருகிறது: கைதட்டல் முடிந்தது, நிறக்கட்டை முடிந்தது. ஒருநாள் அவன் கட்டையைத் தள்ளிவிட்டு, எங்கிருந்தோ ஒரு துடைப்பக்குச்சியை எடுத்துத் தரையில் தட்டியிருக்கிறான். தட்டிவிட்டு எல்லாரையும் ஒருமுறை பார்ப்பானாம், மறுபடி தட்டுவானாம். அங்கே உதவிக்கு இருக்கும் அக்கா தானும் தரையில் தட்டிக் காட்டியிருக்கிறார். பத்து நிமிடம் இருவரும் மாற்றி மாற்றித் தட்டியிருக்கிறார்கள். இதைத் தங்கையிடம் அவர் வாசலில் நின்று சொன்னார். செயலியில் அன்று நிறக்கட்டைக்கு நேரே சிவப்பு.

இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஜமைக்கா ஆய்வையும் இந்தக் கோணத்தில் வாசிக்க வேண்டும். 1986-87-ல் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைப் பகுதிகளில், வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத 129 குழந்தைகள், 9 முதல் 24 மாதம். ஒரு பிரிவுக்கு ஊட்ட உணவு, ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து விளையாட்டு, ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. இரண்டு வருடம். விளையாட்டு கிடைத்த பிள்ளைகள் சுமார் 20 வருடத்துக்குப் பிறகு, அது கிடைக்காதவர்களைவிட ஏறக்குறைய 25% அதிகம் சம்பாதித்தார்கள். இந்த ஒற்றை எண்ணை எடுத்துக்கொண்டு கற்றல் பெட்டியும் செயலியும் விற்கிறார்கள். 129 என்பது சின்ன எண்ணிக்கை, அதை நினைவில் வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே பெட்டியே இல்லை. பொம்மைகள் காலி அட்டைப்பெட்டியிலும் பிளாஸ்டிக் பாட்டிலிலும் செய்தவை. வந்தவர்கள் சமூக சுகாதாரப் பணியாளர்கள். அவர்கள் குழந்தைக்குப் பாடம் எடுத்ததோடு நிற்கவில்லை; தாயையும் சேர்த்து உட்கார வைத்து, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று செய்துகாட்டினார்கள். அடுத்த வாரம் அவர்கள் வரும்வரை மீதி ஆறு நாளும் விளையாட்டு தாயின் கையில்.

நாட்காட்டியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பட்டியல் இல்லாவிட்டால் எங்கே தொடங்குவது என்றே பலருக்குத் தெரியாது. புலவருக்கும் பருவ வரிசை அப்படித்தான் கைகொடுத்தது. ஒவ்வொரு மாதத்தின் கீழும் ஒரு வெற்றுக் கட்டம் விட்டால் போதும்: இந்த வாரம் குழந்தை தானாக என்ன தொடங்கியது, நீங்கள் என்ன செய்தீர்கள். டிக் அடிக்க முடியாத கட்டம். கேட்டு எழுத அங்கன்வாடி ஊழியருக்கு இரண்டு நிமிடம் ஆகும், மொத்தமாகக் கூட்டி மேலிடத்துக்கு அனுப்ப முடியாது. அதனால் அடுத்த பதிப்பில் அது வராது என்றே நினைக்கிறேன். தங்கை மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். நேற்று வரை அதில் நான்கு வரி. மூன்று துடைப்பக்குச்சி பற்றியது.